அப்பாவின் வண்டியிலேயே இருக்கிறது அந்தச் சொல்

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு ட்யூஷனில் தினமும் அகராதியிலிருந்து இருபது ஆங்கிலச் சொற்கள் மனப்பாடம். ஒரே எழுத்துகளில் தொடங்கும் சொற்கள் வந்தால் குழம்பிவிடுகிறாள். ஆட்டோகிராப், ஆட்டோபயாகிரபி, ஆட்டாப்சி, ஆத்தர், ஆட்டம் (autumn) என்று ஒன்றின் அர்த்தத்தை இன்னொன்றுக்குச் சொல்கிறாள். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். அவருக்கு இதெல்லாம் தெரியாது என்பதால் அவள் படிக்கும்போது வெளியே உட்காரச் சொல்லிவிடுகிறேன். வேறு ட்யூஷனுக்கு மாற்றலாமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: ட்யூஷன் இருக்கட்டும் சகோதரி. கணவரைப் பற்றிப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. நாளெல்லாம் வெயிலில் வண்டி ஓட்டி அந்த ட்யூஷனுக்குப் பணம் கட்டுகிறவரை வாசலில் உட்கார வைத்திருக்கிறீர்கள். உங்கள் மகள் அதைப் பார்த்துக்கொண்டேதான் மனப்பாடம் செய்கிறாள்.

அவள் தடுமாறும் சொல் அவர் வண்டியின் பெயரிலேயே இருக்கிறது. ஆட்டோ என்பது கிரேக்கத்திலிருந்து வந்தது. 'தான்', 'தன்' என்று பொருள். ரிக்‌ஷா, ஜப்பானியரின் ஜின்ரிக்கிஷாவிலிருந்து சுருங்கி வந்தது. மனித பலத்தால் ஓடும் வண்டி என்று அர்த்தம். மனிதனை மனிதன் இழுத்த காலம் இங்கேயும் இருந்தது. தமிழ்நாட்டில் கை ரிக்‌ஷாவை 1973-ல் ஒழித்தார்கள். ஆள் இழுக்காமல் தானே ஓடும் ரிக்‌ஷா என்பதால்தான் அது ஆட்டோ. கை ரிக்‌ஷா இழுத்தவர்களைப் பற்றி ஸ்டாண்டில் பெரியவர்கள் பேசியதை அவர் கேட்டிருக்கலாம். என்றைக்காவது விசாரித்தீர்களா?

'தன்' பிடிபட்டால் பாதிக் குழப்பம் தீரும். தன் கையால் எழுதியது ஆட்டோகிராப். தன் வாழ்க்கையைத் தானே எழுதினால் ஆட்டோபயாகிரபி. தமிழிலும் தன்வரலாறு என்றுதானே சொல்கிறோம். ஆட்டாப்சி கொஞ்சம் சிக்கல். பிரேதப் பரிசோதனைக்கும் 'தன்'னுக்கும் என்ன சம்பந்தம்? தன் கண்ணாலேயே பார்ப்பது என்பதுதான் அதன் மூலப் பொருள். மருத்துவர் உடலைத் திறந்து, இறப்புக்குக் காரணம் என்ன என்று தானே பார்க்கிறார். அப்புறம், ஆத்தரும் ஆட்டமும் இந்தக் குடும்பமே இல்லை. ஆத்தர் என்றால் எழுத்தாளர், ஆட்டம் என்றால் இலையுதிர்காலம், இரண்டும் லத்தீன் வழி வந்தவை. ஆங்கிலத்தில் முதல் மூன்று எழுத்து (aut) ஒன்றாக இருப்பதால் அகராதியில் அக்கம்பக்கமாக வந்துவிட்டன. இதைப் பிரித்துச் சொல்லாமல் இருபதையும் ஒப்பிக்கச் சொன்னால் எந்தப் பிள்ளையும் குழம்பத்தான் செய்யும். ட்யூஷனை மாற்றுவதென்றால் அந்தக் காரணத்துக்காக மாற்றுங்கள்.

ஆனால் பிள்ளை படிக்கும் இடத்தில் தகப்பனுக்கு இடமில்லை என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நாளைக்குப் பள்ளி வாசலில் அப்பா வந்து நின்றால் அவள் கூசுவாள். அந்தக் கூச்சத்தை ஊட்டி வளர்த்தது நீங்களாகத்தான் இருப்பீர்கள். கோபம் வந்தால் வரட்டும், இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

இன்று இரவு அவர் வண்டியை நிறுத்தியதும் உள்ளே கூப்பிடுங்கள். சாப்பிட்டு முடித்ததும் மகள் பக்கத்தில் உட்காரட்டும். அந்த ஐந்து சொற்களையும் அவள் அப்பாவுக்கு விளக்கட்டும். அவர் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லட்டும். நீங்களும் கூடவே உட்காருங்கள்.