ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருபது சீட்டு

மும்பை செம்பூர் காலனிப் பிள்ளைகளுக்கு 2001 முதல் ஞாயிறுதோறும் கற்பனை வேட விளையாட்டு நடத்திவரும் வாசகி ஒருவர், இந்த வாரம் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்.

கே: என் மகன் நண்பர்களோடு கதவைச் சாத்திக்கொண்டு நாலு மணி நேரம் பேசுகிறான். நடுவில் "செத்துப்போயிட்டேன்!" என்று கத்துகிறான். பயப்பட வேண்டுமா? (முலுண்ட் வாசகி)

ப: கதவைத் தட்டி ஒரு தட்டு பஜ்ஜி கொடுங்கள், பயம் போய்விடும். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறான். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கி 1974-இல் வெளியிட்ட விளையாட்டு. முதலில் அச்சிட்டது 1,000 பிரதிதான். ஒருவர் கதையை நடத்துவார், அவரை டி.எம். என்பார்கள். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேடம். "மதில் ஏறுகிறேன்" என்று உங்கள் பையன் சொன்னால் இருபது முகப் பகடையை உருட்டுவான். விழுந்த எண்ணோடு அவன் வேடத்தின் உடல்பலத்துக்கு உரியதைக் கூட்டி, டி.எம். மனதில் வைத்த எண்ணைத் தொட்டால் ஏறிவிட்டான். தொடாவிட்டால் அகழியில் முதலை. கத்தினது அதற்குத்தான்.

கே: 2001-இல் அந்தப் பகடை மும்பையில் கிடைத்ததா? (தாராவி வாசகர்)

ப: எனக்குக் கிடைக்கவில்லை. 2000-இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது அடிப்படை விதிகளை இணையத்தில் இலவசமாகவே விட்டார்கள். என் தம்பி பிரின்ட் எடுத்துக் கொடுத்தான். விதி இருக்கிறது, பகடை இல்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலில் 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினோம். எடுத்த சீட்டைத் திரும்பப் போட வேண்டும் என்பது சட்டம். ஒரு வாண்டு சின்னச் சீட்டுகளை மட்டும் சட்டைப் பையில் ஒளித்துக்கொண்டே வந்தான். ஆட்டம் முடியும் நேரத்தில் பாட்டிலில் எல்லாமே பெரிய எண்! அவன் அம்மா துணி துவைக்கும்போதுதான் குட்டு வெளிப்பட்டது.

அன்றுதான் பிள்ளைகளுக்கு ஒன்று விளங்கியது. திரும்பப் போடாமல் எடுத்தால் இருபது தடவைக்குள் 20 வந்தே தீரும். பகடைக்கு அந்த ஞாபகமெல்லாம் கிடையாது. இருபது தடவை உருட்டியும் ஒரு 20 கூட விழாமல் போக ஏறக்குறைய 36 சதவீத வாய்ப்பு உண்டு. பள்ளிக்கூடத்தில் புரியாத நிகழ்தகவு, முதலை வாயில் புரிந்தது.

கே: இத்தனை வருடத்தில் "ஐயோ, இப்படிச் செய்துவிட்டோமே" என்று நினைத்தது உண்டா? (வாஷி வாசகர்)

ப: உண்டு. 2003. ராஜாவைக் கொன்றது மந்திரிதான் என்று நாற்பது பக்க நோட்டு எழுதி வைத்திருந்தேன். பிள்ளைகள் கோட்டைக்குப் போனால் எல்லாம் வெளியே வரும். அவர்கள் போகவில்லை. ஆற்றங்கரை டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, அங்கே சும்மா நின்ற படகுக்காரர் பேர் என்ன என்று கேட்டார்கள். நான் பேரே வைக்கவில்லை. வாயில் வந்ததை, "பொன்னுசாமி" என்றேன். ஏன் சோகமாக இருக்கிறார் என்றார்கள். வட்டிக்காரன் படகைப் பிடுங்கிக்கொண்டான் என்றேன். போச்சு! ராஜாவாவது மந்திரியாவது, படகை மீட்காமல் நகர மாட்டோம் என்று விட்டார்கள்.

எனக்கு நாற்பது பக்கம் வீணாகிறதே என்ற ஆத்திரம். வெள்ளம் வரவைத்தேன், பாலத்தை உடைத்தேன், எந்தப் பக்கம் திரும்பினாலும் கோட்டைக்கே வழி விட்டேன். பத்தாவது படிக்கிற பெண் ஒருத்தி பென்சிலைக் கீழே வைத்தாள். "அக்கா, நீங்களே கதையைச் சொல்லிடுங்க, நாங்க கேட்டுக்கறோம்" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள், அதுதான் சுட்டது. அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும்.

அவள் வீட்டுக்கே போனேன். "பொன்னுசாமி கரையில காத்துட்டிருக்காரு" என்று மட்டும் சொன்னேன். வந்தாள். படகை மீட்க ஐந்து வாரம் ஆனது. வட்டிக்காரனுக்குப் பணம் கொடுத்தவனே மந்திரிதான் என்று நடுவில் எனக்கே தோன்றியது வேறு விஷயம்! அதிலிருந்து ஒரு பக்கத்துக்கு மேல் எழுதுவதில்லை. யாருக்கு என்ன வேண்டும், யாருக்கு எதில் பயம், அவ்வளவுதான். என்ன நடக்கும் என்று எழுதமாட்டேன்.

கே: உங்கள் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லையா? (செம்பூர் வாசகி)

ப: நாலு வருடம் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தார். பிறகு 26 ஜூலை 2005 வந்தது. சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. ரயில் இல்லை, கரன்ட் இல்லை. சயானிலிருந்து தண்ணீரில் நடந்தே வந்த இரண்டு காலேஜ் பிள்ளைகள் எங்கள் வீட்டில் தங்கினார்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் பாட்டிலை எடுத்தோம். ஆள் குறைகிறது என்று இவரையும் இழுத்தோம். இவர் வேடம், திருடன். திருடினாரா? கயிறு வாங்கப் போய் வியாபாரியிடம் ஒரு மணி நேரம் பேரம் பேசினார்! "புரி புரியா பிரிஞ்சிருக்கு, பாதி விலைதான்" என்று. அந்தக் கயிறு பிறகு அறுந்தே போனது.

கே: பகடையை மறைத்துப் பொய் சொன்னதுண்டா? (டோம்பிவிலி வாசகர்)

ப: ஒரே ஒரு தரம். பாட்டி இறந்து பத்தாம் நாள் ஆட வந்த பையன். அவன் வீரனை ராட்சதன் அடிக்கிறான். எனக்கு 20 விழுந்தது. காலண்டர் அட்டைக்குப் பின்னால் பார்த்துவிட்டு "ஏழு" என்றேன். பக்கத்திலிருந்தவள் எட்டிப் பார்த்துவிட்டாள், வாயைத் திறக்கவில்லை.

கே: தமிழில் ஆட முடியுமா? (மாட்டுங்கா வாசகர்)

ப: நாங்கள் வேறு எதில் ஆடினோம்? காப்ளின் எங்களுக்குக் குட்டிச்சாத்தான். சண்டை வந்தால் மட்டும் பிள்ளைகள் இந்திக்குத் தாவுவார்கள்.

கே: இப்போதும் நடத்துகிறீர்களா? (பாண்டுப் வாசகி)

ப: வீடியோ காலில். இங்கே இரவு எட்டு மணி; சிங்கப்பூரில் இரவு பத்தரை, டொரண்டோவில் கோடையில் காலை பத்தரை. பென்சிலைக் கீழே வைத்தவள்தான் டொரண்டோ. வரும் ஞாயிறு அவள் வரமாட்டாள். வீட்டில் பரீட்சையாம், அவள் பெண்ணுக்கு.