தூங்கும் கணினியை வெளியிலிருந்து எழுப்புவது: கேள்வி பதில்

வீட்டில் ஸ்லீப்பில் கிடக்கும் கணினியை இன்டர்நெட் வழியாக எழுப்புவது (வேக்-ஆன்-லேன்) பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். கேட்பதற்கு முன் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே, போனிலிருந்து ஒரு முறை எழுப்பிப் பாருங்கள். உள்ளேயே எழாத கணினி வெளியிலிருந்து எழாது.

மணல்வீடு: வீட்டுக்குள் எழுகிறது சார். ரவுட்டரில் 9ஆம் போர்ட்டைத் திறந்து கணினியின் ஐபிக்குத் திருப்பிவிட்டேன். தூங்க வைத்த கையோடு வெளியிலிருந்து அனுப்பினால் எழுகிறது, மதியம் அனுப்பினால் அசைவதில்லை. ஏன்?

அந்த மதியத்தில்தான் விஷயமே இருக்கிறது. கணினியை எழுப்ப அனுப்பும் செய்திக்கு மேஜிக் பாக்கெட் என்று பெயர், அது 102 பைட். முதலில் 6 பைட் எல்லாமே எஃப்எஃப், அப்புறம் உங்கள் நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணான மேக் முகவரி 16 தடவை. தூங்கும் கணினியில் கார்டு மட்டும் கொஞ்சம் மின்சாரம் வாங்கிக்கொண்டு, இந்த வரிசை வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். அதற்கு ஐபி முகவரி பற்றிக் கவலையில்லை.

கவலை ரவுட்டருக்குத்தான். வெளியிலிருந்து வந்த பாக்கெட்டை 192.168.1.20க்குக் கொடு என்று நீங்கள் சொன்னால், அந்த ஐபிக்கு உரிய மேக் முகவரி எது என்று அது தன் ஏஆர்பி அட்டவணையில் தேடும். கணினி தூங்கிய புதிதில் பதிவு இருக்கும். சில நிமிடங்களில் அது காலாவதியாகிவிடும். பிறகு ரவுட்டர் “20 யாரப்பா?” என்று கூவும், தூங்குகிறவர் பதில் சொல்ல மாட்டார், பாக்கெட் குப்பைக்குப் போகும். தூக்கத்திலும் ஏஆர்பிக்குப் பதில் சொல்லும் கார்டுகள் உண்டு. உங்களுடையது அந்த ரகம் என்றால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

ரவுட்டரில் நிலையான ஏஆர்பி பதிவு போட வழி இருந்தால் போடுங்கள். கருவிகளுக்கு ஐபி கொடுக்கும் டிஹெச்சிபியில் ஐபியை ஒதுக்கி வைப்பது வேறு, இது வேறு. பலர் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதைச் செய்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். 192.168.1.255க்கு, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் எல்லாருக்கும் ஒரேயடியாகப் போகும் பிராட்காஸ்ட் முகவரிக்குத் திருப்பிவிடுவது இன்னொரு வழி, ஆனால் பல ரவுட்டர்கள் அந்த முகவரியை ஏற்காது. அதற்கும் காரணம் உண்டு. வெளியிலிருந்து பிராட்காஸ்ட் அனுப்பி ஒரு நெட்வொர்க் முழுவதையும் இன்னொருவர் மேல் ஏவிவிடும் ஸ்மர்ஃப் தாக்குதல்கள் ஒரு காலத்தில் பாடாய்ப் படுத்தின. 1999இல் வந்த ஆர்எஃப்சி 2644 என்ற இணைய நெறிமுறை ஆவணம், இப்படி வரும் பிராட்காஸ்ட்டை ரவுட்டர்கள் இயல்பாகவே மறுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது.

என்னைக் கேட்டால், இன்டர்நெட் வழியாக மேஜிக் பாக்கெட்டை அனுப்பவே வேண்டாம். வீட்டில் எப்போதும் விழித்திருக்கும் ஒன்று இருக்கட்டும்: ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி, நாஸ் என்ற நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி, ஓபன்டபிள்யூஆர்டி மென்பொருள் போட்ட ரவுட்டர், எதுவானாலும் சரி. விபிஎன் என்ற மறையாக்கப்பட்ட தனி வழியாக அதற்குள் போய், பாக்கெட்டை உள்ளேயிருந்து அனுப்பச் சொல்லுங்கள்.

நடுராத்திரி: ரவுட்டரின் வெளிப்பக்க ஐபி 100.72 என்று தொடங்குகிறது. போர்ட் திறந்தும் ஒன்றும் வரவில்லை.

100.64 முதல் 100.127 வரை இருந்தால் அது உங்களுக்கே உரிய பொது ஐபி அல்ல. இணைப்பு கொடுப்பவர் பல வாடிக்கையாளர்களை ஒரே ஐபிக்குப் பின்னால் வைத்திருக்கிறார். நீங்கள் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து அங்கே வர வழியில்லை. உள்ளேயிருந்து வெளியே இணைப்பைத் தொடங்கும் டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன்னை விழித்திருக்கும் கருவியில் போடுங்கள். தூங்கும் கணினியில் மட்டும் போட்டுப் பயனில்லை, அதோடு சேர்ந்து அதுவும் தூங்கிவிடும்.

புதுப்பயல்: 7ஆம் போர்ட்டா, 9ஆம் போர்ட்டா?

கார்டு போர்ட்டைப் பார்ப்பதே இல்லை. ரவுட்டரில் எதைத் திறந்தீர்களோ அது.

கண்ணாடி: ஸ்லீப்பில் எழுகிறது, ஷட்டவுன் செய்தால் எழவில்லை. விண்டோஸ் அண்ணா.

ஷட்டவுன் ஆனதும் கணினியின் பின்னால் போய் கேபிள் செருகும் இடத்தைப் பாருங்கள். அங்கே விளக்கு எரியவில்லை என்றால் கார்டுக்கு மின்சாரமே போகவில்லை. பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் அமைப்புத் திரை) இஆர்பி என்றோ டீப் ஸ்லீப் என்றோ இருப்பதை அணையுங்கள். விளக்கு எரிந்தும் எழவில்லை என்றால் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துப் பாருங்கள். அப்படியும் சரிவராவிட்டால் ஷட்டவுனை விட்டுவிட்டு ஸ்லீப்போ ஹைபர்னேட்டோ வையுங்கள்.

ஸ்விட்ச்மணி: எதற்கு இத்தனை பாடு? ஸ்மார்ட் பிளக் ஒன்று வாங்கி, கரண்ட் வந்ததும் ஆன் ஆகு என்று பயாஸில் வைத்தால் முடிந்தது.

முழுதாக அணைத்த கணினிக்குச் சரி. இங்கே பேச்சு தூங்கும் கணினி பற்றி. ஸ்லீப்பில் திறந்த வேலையெல்லாம் ராமில் இருக்கும். பிளக்கை அணைத்துப் போட்டால் அத்தனையும் போய்விடும்.

ஸ்விட்ச்மணி: நான் ஹைபர்னேட்தான் செய்கிறேன். எல்லாம் டிஸ்க்கில் இருக்கிறதே?

ஹைபர்னேட் முழுதாக முடிந்த பிறகு என்றால் ஒப்புக்கொள்கிறேன். முடிந்ததா என்று வெளியூரிலிருந்து எப்படித் தெரியும்? டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது பிளக்கை அணைத்தால்?

ஸ்விட்ச்மணி: என் பிளக் எத்தனை வாட் ஓடுகிறது என்று காட்டும். இறங்கிய பிறகுதான் அணைப்பேன்.

நல்ல பதில், மறுக்க மாட்டேன். வாட் காட்டாத பிளக் வைத்திருப்பவர்கள் இதைப் பின்பற்ற வேண்டாம்.

பனிமூட்டம்: வைஃபையில் இருக்கும் லேப்டாப்?

சிலவற்றில் ஸ்லீப்பிலிருந்து எழும், பலவற்றில் எழாது. கேபிள் போடுங்கள்.

தேனடை: 9ஆம் போர்ட் திறந்திருக்கிறேன், கொஞ்ச நேரம் கழித்து எழவில்லை.

மணல்வீட்டுக்குச் சொன்னது.

ஆந்தை: யாரும் எழுப்பாமலே ராத்திரியில் தானாக எழுகிறது.

டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டின் பவர் பகுதிக்குப் போய், மேஜிக் பாக்கெட் மட்டுமே எழுப்பலாம் என்ற பெட்டியில் டிக் போடுங்கள். டிக் இல்லையென்றால் வேறு சில பாக்கெட்டுகளும் எழுப்பும். அதன் பிறகும் எழுந்தால், கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜியை லாஸ்ட்வேக் என்ற சொல்லோடு ஓட்டினால் எழுப்பியது எது என்று காட்டும். மவுஸாகக்கூட இருக்கலாம்.

வெள்ளிநிலா: எழுந்த பிறகு ரிமோட் டெஸ்க்டாப்புக்கு 3389ஐத் திறந்தால் போதுமா?

திறக்காதீர்கள். எழுப்பும் போர்ட்டாவது கணினியை எழுப்புவதோடு சரி. 3389 உள்ளே நுழையும் வாசல், அதைத் தேடி ஸ்கேன் செய்கிறவர்கள் ஓய்வதே இல்லை. விபிஎன். வயர்கார்டு போடுங்கள், ஒரு யுடிபி போர்ட் போதும்.

கடைசிபெஞ்ச்: பிரின்டரையும் இப்படி எழுப்பலாமா?

அது பிரின்டர் ஆட்களைக் கேட்க வேண்டியது.

மூங்கில்: 9ஆம் போர்ட்…

மணல்வீடு. மேலே.

ஸ்விட்ச்மணி: ரவுட்டரே ஹேங் ஆனால் உங்கள் ராஸ்பெரி பை என்ன செய்யும்? அங்கேயாவது ஸ்மார்ட் பிளக்கை ஒப்புக்கொள்வீர்களா?

அந்தப் பிளக் எந்த வைஃபையில் இருக்கிறது?

ஸ்விட்ச்மணி: அதே ரவுட்டரில்தான்.

ஹேங் ஆன ரவுட்டர் வழியாக உங்கள் கட்டளை அதற்குப் போகாது. எப்படியோ போய் அணைந்தாலும் திரும்ப ஆன் செய்ய வைஃபை இருக்காது. இன்டர்நெட் போனால் தானே அணைந்து, சில விநாடி கழித்துத் தானே ஆன் ஆகும் பிளக் வாங்குங்கள்.