சுற்றுச்சூழல் சான்று: கடலூர், புதுச்சேரி தொழில்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

சான்று நிறுவனங்களுக்குத் தணிக்கை செய்துவிட்டு, இப்போது சிறு தொழில்களுக்கு ஆலோசனை சொல்கிறேன். ஜிஎஸ்டி, வங்கிக் கடன் கேள்விகளை ஆடிட்டரிடம் கேளுங்கள்.

வில்லியனூர், சோப்பு தயாரிப்பவர்: ஐ.எஸ்.ஓ. 14001 வாங்கினால் சோப்பு உறையில் 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று அச்சடிக்கலாமா சார்?

கூடாது. 14001 உங்கள் தொழிற்கூடத்தை நீங்கள் நிர்வகிக்கும் முறைக்குத் தருவது. சோப்பு நல்லதா கெட்டதா என்று அது பார்ப்பதே இல்லை. பொருளுக்குத்தான் வேண்டும் என்றால் மண்பானைச் சின்னம் போட்ட ஈகோமார்க் இருக்கிறது. 1991இல் தொடங்கிய திட்டம், 2024இல் புது விதிகள் வந்திருக்கின்றன. அதே 2024இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் வழிகாட்டுதல் வெளியிட்டது: 'பசுமை', 'ஈகோ ஃபிரண்ட்லி' என்று வாய்க்கு வந்ததைப் போட முடியாது, ஆதாரம் காட்ட வேண்டும்.

கடலூர் முதுநகர்: மூன்றே நாளில் 14001 எடுத்துத் தருகிறேன் என்கிறார் ஒருவர். நம்பலாமா?

வேண்டாம். ஐ.எஸ்.ஓ. அமைப்பு யாருக்கும் சான்று தருவதில்லை, தரநிலையை எழுதுவதோடு அதன் வேலை முடிந்தது. சான்று தருபவை வேறு நிறுவனங்கள். அவற்றுக்கு அங்கீகாரம் தருவது இந்தியாவில் என்.ஏ.பி.சி.பி. என்ற தேசிய அங்கீகார வாரியம். தணிக்கையே இரண்டு கட்டமாக நடக்கும், மூன்று நாளில் அது நடக்காது. வழிகாட்டுபவரும் சான்று தருபவரும் ஒரே ஆளாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: சான்றிதழ் கையில் வந்ததும் முத்திரையைப் பார்க்காதீர்கள், ஸ்கோப்பைப் படியுங்கள். எந்த இடம், எந்தப் பொருள், எந்தத் தேதி வரை. பிறகு சான்றிதழ் எண்ணைச் சான்று நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுத் தேடுங்கள்.

புதுச்சேரி, கைக்காகித நோட்டுப் புத்தகம் செய்பவர்: பிரான்ஸ் வாடிக்கையாளர் எஃப்.எஸ்.சி. முத்திரை கேட்கிறார்.

உங்கள் தாள் பனியன் கட்டிங் துணியில் செய்வது. எஃப்.எஸ்.சி. என்பது பொறுப்பாகப் பராமரிக்கும் காட்டில் இருந்து, மரத்தில் இருந்து வரும் பொருளுக்கான சான்று. முழுக்கப் பருத்தித் தாளுக்கு அந்த முத்திரை கிடைக்காது, அதில் உங்கள் குறை ஒன்றும் இல்லை. 'இதில் மரக்கூழே இல்லை' என்று விளக்கி, துணி எங்கே வாங்கினீர்கள் என்ற பில்லோடு எழுதுங்கள். அட்டை மட்டும் எஃப்.எஸ்.சி. அட்டையாக வாங்கியிருந்தாலும் முத்திரையை நீங்களாகப் போடக் கூடாது. கைமாறும் ஒவ்வொருவருக்கும், பைண்டிங் செய்யும் உங்களுக்கும், தனியாகச் சங்கிலிச் சான்று வேண்டும்.

நெல்லிக்குப்பம்: சார், 14001 இருந்தால் பாக்கெட்டில்...

வில்லியனூர்க்காரருக்குச் சொன்ன முதல் பதிலைப் பாருங்கள்.

பண்ருட்டி, முந்திரித் தோப்புக்காரர்: எங்க அப்பா காலத்திலிருந்து மருந்து கிடையாது, உரம் கிடையாது. எங்களுக்கு எதற்கு ஆர்கானிக் சான்று? பணம் பிடுங்குற வேலைதானே?

கோபம் நியாயம்தான் அண்ணே. ஆனால் ஜெர்மனியில் பருப்பு வாங்குபவர் உங்கள் அப்பாவைப் பார்த்ததில்லை. அவருக்குக் காகிதம்தான் சாட்சி. மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி அமைப்பான அபேடா நடத்தும் ஆர்கானிக் திட்டம் என்.பி.ஓ.பி. அதில் மரப்பயிருக்கு மூன்று வருட மாற்றக் காலம் உண்டு, அதாவது ஆர்கானிக் விதிப்படி நடத்திக் காட்ட வேண்டிய காலம். பக்கத்துத் தோப்பில் அடிக்கும் மருந்து காற்றில் வராமல் இடைவெளி விட வேண்டும். தனியாகப் போனால் செலவு கட்டாது. 25 முதல் 500 விவசாயிகள் வரை குழுவாகச் சேர்ந்து ஒரே சான்று எடுக்கலாம். தமிழக அரசின் அங்ககச் சான்றளிப்புத் துறையும் சான்று தருகிறது, முதலில் அங்கே கேளுங்கள்.

காடாம்புலியூர், முந்திரி ஆலை: குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கணும். மருந்தே இல்லை என்பதை நம்பாதீங்க சார். தேயிலைக் கொசு வந்தால் எல்லாரும்தான் அடிக்கிறாங்க.

தோப்புக்காரர்: ஆப்பிரிக்காக் கொட்டையை இறக்கி, உடைச்சு, பண்ருட்டி முந்திரின்னு விக்கிறது யாராம்?

இரண்டு பேர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. தேயிலைக் கொசு துளிரையும் பூவையும் பிஞ்சையும் உறிஞ்சும் பூச்சி. 2011 டிசம்பர் தானே புயலில் பழைய மரங்கள் சாய்ந்த பிறகு புதிதாக வைத்த ஒட்டுக்கன்றுகளில் துளிர் அதிகம், பூச்சிக்கும் அது கொண்டாட்டம். அப்பா அடிக்கவில்லை என்பது மகன் அடிக்கவில்லை என்பதற்குச் சான்றாகாது. கேரளத்தின் காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் அடித்த எண்டோசல்ஃபான் பூச்சிமருந்து மக்களை என்ன செய்தது என்று உலகமே பார்த்தது. வாங்குபவர் முந்திரி என்றாலே சந்தேகப்படுவதற்குக் காரணம் உண்டு.

ஆலைக்காரருக்கு: ஆப்பிரிக்காக் கொட்டை வாங்குவது குற்றமில்லை, உள்ளூர் விளைச்சல் மட்டும் உங்கள் ஆலைகளுக்குப் போதாது. கலப்பதுதான் குற்றம். ஆர்கானிக் கொட்டைக்குத் தனிக் கிடங்கு, தனி லாட் எண், ஓட்டத்துக்கு முன் இயந்திரத்தைத் துடைத்த பதிவு எல்லாம் வேண்டும். நான் தணிக்கைக்குப் போன காலத்தில் முதலில் எடுத்தது கால்குலேட்டர். கொட்டையில் பருப்பு தேறுவது சுமார் கால் பங்கு. 10 டன் ஆர்கானிக் கொட்டை வாங்கி 4 டன் ஆர்கானிக் பருப்பு விற்றதாகக் கணக்கு காட்டினால், மிச்சம் எங்கிருந்து முளைத்தது?

தோப்புக்காரர்: காகிதத்தில் சரியாக எழுதிட்டா?

எழுதுவார்கள். 2020இல், ஆர்கானிக் துணிகளுக்குத் தரநிலை வைத்திருக்கும் கோட்ஸ் அமைப்பு, இந்தியாவில் 20,000 டன் பருத்தி போலி ஆவணங்களோடு ஆர்கானிக் என்று போனதாக அறிவித்து 11 நிறுவனங்களைத் தடை செய்தது. இப்படியெல்லாம் நடக்கும் என்பதால்தான் ஒவ்வொரு விற்பனைக்கும் தனியாகப் பரிவர்த்தனைச் சான்று கேட்கிறார்கள். ஆலையின் வருடாந்திரச் சான்று மட்டும் போதாது. ஸ்கோப்பைப் படியுங்கள் என்று இதற்குத்தான் தொண்டை கிழியக் கத்துகிறேன்.

காடாம்புலியூர்: அப்போ தோப்பையும் இதே மாதிரி தணிக்கை பண்ணுவீங்களா?

பண்ணாமல்? தோப்பு எவ்வளவு, விளைச்சல் எவ்வளவு, விற்றது எவ்வளவு. கணக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். மேற்கொண்டு சண்டையை நேரில் டீக்கடையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடலூர் துறைமுகம்: எங்கள் மீனுக்கு நீல முத்திரை கிடைக்குமா?

நீல முத்திரை என்பது வளம் குறையாமல் பிடித்த கடல் மீனுக்கு எம்.எஸ்.சி. தரும் முத்திரை. அதை உங்கள் கம்பெனி மட்டும் தனியாகப் போய் வாங்க முடியாது. ஒரு மீன்பிடிப்பு முழுவதும், படகு, வலை, மீன் வளம் எல்லாம் சேர்த்து, மதிப்பிடப்பட வேண்டும். கேரளத்தில் அஷ்டமுடிக் காயல் மட்டிக்கு 2014இல் கிடைத்தது, நாட்டிலேயே முதல். நீங்கள் இறால் இழுவலைக்காரர் என்றால் அதற்கு முன் ஆமை விலக்குக் கருவியைப் பொருத்துங்கள். அது இல்லை என்றுதான் நம் கடல் இறாலுக்கு அமெரிக்கா கதவைச் சாத்தியது.

சேத்தியாத்தோப்பு: ஐரோப்பாவின் காடழிப்புச் சட்டம் முந்திரிக்கு வருமா?

பட்டியலில் இருப்பது மாடு, கோகோ, காபி, பாமாயில், ரப்பர், சோயா, மரம். முந்திரி இல்லை. ஆனால் பருப்பை மரப்பெட்டியில் பரிசுப் பொருளாக விற்றால் பெட்டியைத் தனியாக விசாரியுங்கள்.

பாகூர்: சாயப்பட்டறை தொடங்க எந்தச் சான்று வாங்கணும்?

உங்களுக்கு வேண்டியது சான்று இல்லை, அனுமதி. புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்திடம் போங்கள். பட்டறை கடலூர்ப் பக்கம் என்றால் தமிழ்நாடு வாரியம். கழிவுநீர் எங்கே போகும் என்பதற்கு வரைபடம் இல்லாமல் போகாதீர்கள்.