கதவு திறந்த ஆண்டும் அடைத்த ஆண்டும்: மகளை அமெரிக்கா அனுப்பும் ஓர் அம்மாவுக்கு

அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் வேளாண் பொறியியல் முடித்துவிட்டாள். அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். இடம் கிடைத்திருக்கிறது. 45 லட்சம் கடனுக்கு நாகர்கோவில் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் கேட்கிறார்கள். டிவியைப் போட்டால் விசா செய்திதான். "போன பிறகு திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வோம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த நாடு யாருக்கு எப்போது கதவைத் திறந்தது, எப்போது அடைத்தது என்று கொஞ்சம் தெரிந்தால், உங்கள் பயத்தில் எது நியாயமானது என்று உங்களுக்கே பிடிபடும்.

மகள் சேரப்போகும் கல்லூரியிலிருந்தே தொடங்குகிறேன். அது 'லேண்ட் கிராண்ட்' பல்கலைக்கழகம் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு போரே இருக்கிறது. விவசாயமும் இயந்திரத் தொழிலும் கற்றுக்கொடுக்கும் கல்லூரிகளுக்கு அரசு நிலம் தர வேண்டும் என்ற மசோதாவை 1859-ல் அதிபர் புக்கானன் தடுத்துவிட்டார். அப்புறம் அடிமை முறையை விடமாட்டோம் என்று தென் மாநிலங்கள் பிரிந்துபோய் உள்நாட்டுப் போர் மூண்டது. மசோதாவை எதிர்த்த தென் மாநில உறுப்பினர்களில் பெரும்பாலோர் இப்போது சபையிலேயே இல்லை. 1862 ஜூலை 2 அன்று, போருக்கு நடுவில், லிங்கன் அதில் கையெழுத்துப் போட்டார். காங்கிரஸ் என்ற அவர்கள் நாடாளுமன்றத்தில் ஒரு மாநிலத்துக்கு எத்தனை உறுப்பினர்களோ, ஒவ்வொருவர் கணக்கிலும் 30,000 ஏக்கர். அதை விற்ற பணத்தில் கல்லூரி. டெக்சாஸ் ஏ அண்ட் எம் என்கிறோமே, அந்த இரண்டு எழுத்தும் விவசாயம், இயந்திரம் என்ற சொற்களிலிருந்து வந்தவைதான். அந்த நிலத்தில் பெரும்பகுதி பூர்வகுடி மக்களிடமிருந்து பறித்தது என்பதையும் மகள் தெரிந்துகொண்டு போகட்டும்.

உழவர் வீட்டுப் பிள்ளையும் பட்டம் வாங்கலாம் என்ற நிலை அங்கே அப்படித்தான் வந்தது. கற்பிப்பது, ஆராய்வது, கண்டதை விவசாயியின் வயலுக்குக் கொண்டுபோவது என்ற அந்த முறையைப் பார்த்துத்தான் 1960-ல் பந்த்நகரில் நம் நாட்டின் முதல் வேளாண் பல்கலைக்கழகம் எழுந்தது. ஆகவே மகளுக்கு அந்தப் படிப்பு அந்நியமாக இருக்காது. அந்தத் துறைக்கு அவை நல்ல இடங்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

குடியேற்றத்தின் கதைதான் வேறு. 1917-ல் ஒரு சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியைத் தடை மண்டலமாக்கியது. இந்தியாவும் அதில் அடக்கம். பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியர் முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். அவர் 'வெள்ளையர்' அல்ல, அதனால் குடியுரிமைக்குத் தகுதியில்லை என்று 1923-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்தும் அதைப் பறித்தார்கள். கையில் வந்தது திரும்பப் போகும் என்ற உங்கள் பயம் நூறு வருடத்துக்கு முன்பே ஒரு தடவை உண்மையாகியிருக்கிறது, அம்மா. 1946-ல் கதவைக் கொஞ்சம் திறந்தார்கள். எவ்வளவு தெரியுமா? முழு இந்தியாவுக்கும் வருடத்துக்கு 100 பேர்.

பிறகு அதைத் திறந்துவிட்டவர்களில் கறுப்பின மக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. உங்கள் ஊர்ப்பக்கம் ஒரு செய்தி: 1959-ல் மார்ட்டின் லூதர் கிங் இந்தியா வந்தபோது கன்னியாகுமரிக்கும் வந்தார். அவரும் ஆயிரக்கணக்கானோரும் அடிபட்டு, சிறை சென்று நடத்திய போராட்டத்தால் 1964-ல் சிவில் உரிமைச் சட்டம் வந்தது, 1965-ல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. நிறத்தைப் பார்த்து வாக்கு மறுப்பது தவறென்றால், பிறந்த நாட்டைப் பார்த்து ஆள் எடுப்பதும் தவறுதானே? அதே 1965-ன் அக்டோபர் 3 அன்று, சுதந்திர தேவி சிலையின் அடியில் உட்கார்ந்து அதிபர் ஜான்சன் புதிய குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்திட்டார். நம்மூர் டாக்டர்களும் என்ஜினியர்களும் அங்கே போய்க் குடியேறியது அதற்குப் பிறகுதான். மகளிடம் இதை மட்டும் தவறாமல் சொல்லுங்கள். அவளோடு படிக்கப்போகும் கறுப்பினப் பிள்ளைகளின் தாத்தா பாட்டிகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

1990-ல் எச்-1பி என்ற தற்காலிக வேலை விசா வந்தது. வருடத்துக்கு 65,000 பேர். அங்கேயே முதுநிலை முடித்தவர்களுக்கு இன்னொரு 20,000 பின்னால் சேர்ந்தது. நிரந்தரமாகத் தங்க அனுமதி தருவது கிரீன் கார்டு. வேலை வழியாகக் கிடைக்கும் கிரீன் கார்டிலோ ஒரு நாட்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. நம்மவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதற்குக் காரணம் அந்த வரம்புதான். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுவுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தார்கள்.

சரி, இப்போது வீட்டுக் கணக்குக்கு வருவோம். 45 லட்சத்துக்கு 11 சதவீத வட்டி, 10 வருடம் என்றால் மாதம் சுமார் 62,000 ரூபாய். படிக்கும்போது ஏறும் வட்டி இதில் சேரவில்லை. டாலர் சம்பளம் வந்தால் கட்டிவிடலாம். ஊர் திரும்பி வாங்கும் முதல் சம்பளத்தில் கட்ட முடியுமா? முடியாது. வீட்டை அடகு வைத்துப் போய், படிப்பு முடிந்து அங்கே வேலை பார்த்த மூன்று வருடமும் எச்-1பி குலுக்கலில் பெயர் வராமல் திரும்பிய பிள்ளைகளின் பெற்றோர் என் எதிரே உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். பிள்ளைகளின் படிப்பில் குறையே இல்லை. அங்கேயே தங்கிவிடலாம் என்று நம்பிப் போட்ட கணக்குதான் தவறு.

அதனால் என் கருத்து: படிக்க அனுப்புங்கள், ஆனால் 45 லட்சத்துக்கு வேண்டாம். இன்றைய விதிப்படி படிப்பு முடிந்ததும் ஒரு வருடமும், அறிவியல், பொறியியல் பட்டத்துக்கு மேலும் இரண்டு வருடமும் அங்கே வேலை பார்க்கலாம். அதைக் கிடைத்தால் லாபம் என்று வையுங்கள், கடன் கணக்கில் சேர்க்காதீர்கள். கடன் 20 லட்சத்துக்குள் நின்றால் மாதத் தவணை சுமார் 27,500. சொட்டுநீர்ப் பாசனம், பண்ணை இயந்திரம், உணவு பதப்படுத்தல் என்று இங்கேயே வேலை தேடினாலும் அதைச் சமாளிக்கலாம்.

மீதிக்கு ஒரு வழி இருக்கிறது. வேளாண் துறைகளில் பேராசிரியர்களிடம் ஆராய்ச்சித் திட்டப் பணம் இருந்தால், படித்துக்கொண்டே அவர்களுக்கு உதவும் பகுதிநேர வேலையான அசிஸ்டன்ட்ஷிப் தருவார்கள். பல இடங்களில் கட்டணம் தள்ளுபடியாகி, மாதப் பணமும் கிடைக்கும். மகள் தன் இறுதியாண்டு புராஜெக்டைப் பற்றி அரைப் பக்கம் எழுதி, அதே துறையில் ஆராய்ச்சி செய்யும் நாலைந்து பேராசிரியர்களுக்குத் தனித்தனியாக மெயில் அனுப்பட்டும். ஒரே மெயிலை எல்லோருக்கும் அனுப்பினால் யாரும் பதில் போடமாட்டார்கள். பதில் வரவில்லை என்றால், சேர்க்கையை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்தில் கேட்கச் சொல்லுங்கள். அந்தப் பதில்கள் வரும்வரை வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். மெயிலை அனுப்பும் முன் மகள் எனக்கு ஒரு தடவை காட்டட்டும், நான் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.