கட்டு நெகிழ்ந்த மரம்

அன்புள்ள அக்கா,

தொண்டியில் பரதமும் பாட்டும் சொல்லித்தருகிறேன். என் மாணவி ஒருத்திக்கு 13 வயது. ரப்பர் மாதிரி உடம்பு. கட்டைவிரல் முன்கையில் போய் ஒட்டும், முழங்கை பின்பக்கம் வளையும். ஆனால் முட்டியை மடக்கி நிற்கும் அரைமண்டியில் இரண்டு நிமிடம் நிற்க மாட்டாள். கணுக்கால் அடிக்கடி பிசகுகிறது. பாடும்போது தாடை 'டக்'கென்கிறது, சீக்கிரம் களைத்துப்போகிறாள். வீட்டில் திருஷ்டி என்கிறார்கள். என்ன எண்ணெய் தேய்க்கலாம்? நடனத்தை விட்டுவிட்டுப் பாட்டு மட்டும் போதும் என்று சொல்லிவிடலாமா?

வ., தொண்டி

அன்புள்ள வ.,

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், நீ என்றே எழுதுகிறேன். சில நாட்களாக என் அக்காவைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உன் கடிதம்.

எண்ணெய் எதுவும் வேண்டாம். திருஷ்டிப் பேச்சைக் காதில் வாங்காதே. 'ரப்பர் மாதிரி' என்கிறாயே, அந்தச் சொல்லை இன்றோடு விடு. என் அக்காவையும் அப்படித்தான் சொன்னார்கள். தங்கச்சிமடத்தில் பள்ளி ஆண்டுவிழாவில் அவள் பின்னால் வளைந்தபோது எழுந்த கைதட்டல் எனக்கு இன்னும் கேட்கிறது. நடனம் சொல்லிக்கொடுத்தவர் "இன்னும் இறங்கு, இன்னும்" என்று அவள் தொடையைக் காலால் மிதித்து அழுத்துவார். 19 வயதில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கியபோது தோள் கழன்றது. கோயில் பாட்டுக்குழுவில் பூசை முடியுமட்டும் நிற்க முடியாமல் தலைசுற்றி உட்கார்ந்துவிடுவாள். சோம்பேறி என்று பெயர் வைத்தோம். நானும்தான் சொன்னேன்.

அப்பா கட்டுமரத்தில் போனவர். கயிறு நெகிழ்ந்த மரத்தில் ஏறினால் வலையை இழுக்க முடியாது, மரம் பிரியாமல் காலால் கவ்விக்கொண்டிருப்பதற்கே பலமெல்லாம் போய்விடும் என்பார். உன் மாணவியின் உடம்பு அதுதான். மூட்டுகளைக் கட்டிவைக்கும் நார் கொலாஜன் என்னும் புரதத்தால் ஆனது. அது நெகிழ்வாக இருந்தால் கட்டின் வேலையையும் தசையே பார்க்க வேண்டும். நீ 'தெய் யா தெய்' சொல்லத் தொடங்குமுன்பே அவள் பாதி உழைத்து முடித்திருக்கிறாள். இதைத்தான் நீ களைப்பு என்று எழுதியிருக்கிறாய்.

இப்போது முட்டி. மற்றதை மறந்தாலும் இதை மறக்காதே. அவள் நேராக நிற்கும்போது பக்கவாட்டில் போய் நின்று பார். முட்டி பின்னால் வில்லாக வளைந்து பூட்டிக்கொண்டிருக்கும். அவளுக்கு அதுதான் நேர். தன் மூட்டு எங்கே இருக்கிறது என்ற உணர்வு இத்தகைய உடம்பில் மங்கலாக இருப்பதுண்டு. கடைசி எல்லையில் போய் முட்டினால்தான் 'இங்கே இருக்கிறேன்' என்று தெரியும். அதனால் திட்டாதே. கண்ணாடி முன் நிறுத்து, முட்டிக்குப் பின்னால் விரலை வைத்து "இதைத் தொடாமல் நில்" என்று சொல். அரைமண்டியிலிருந்து எழும்போது சடாரென்று பூட்டவிடாதே. மண்டி ஆழமாக வேண்டாம்; தொடை இடுப்பிலிருந்து வெளிப்பக்கம் திரும்பும் அளவு போதும். அதற்குமேல் கேட்டால் முட்டியையும் பாதத்தையும் முறுக்கித்தான் உனக்குக் காட்டுவாள். மெதுவான முதல் காலம் சுலபம் என்று எண்ணி நீட்டிக்கொண்டே போகாதே. மெதுவாக ஆடுவதுதான் இவளுக்குப் பெரும்பாடு, தசை விடாமல் தாங்க வேண்டும். நாலு ஆவர்த்தனம் (தாளச் சுற்று), பிறகு ஓய்வு. நீட்டி வளைக்கும் பயிற்சிகளை நிறுத்திவிட்டுத் தசைக்கு வலுவேற்று.

நான் வேதக்காரி, கிறிஸ்தவள். ஆனாலும் மார்கழித் திருவாதிரைக்கு மரகத நடராஜரின் சந்தனக் காப்பைக் களையும்போது உத்தரகோசமங்கைக் கோயிலுக்குப் போயிருக்கிறேன். எல்லோர் கண்ணும் தூக்கிய காலுக்குப் போகும். நீ எந்த நடராஜர் சிலையிலும் காலடியில் கிடக்கும் முயலகன் மேல் ஊன்றிய காலைப் பார். முட்டி மடங்கியிருக்கும். பூட்டிய காலில் ஆட்டம் கிடையாது.

பாட்டுக்கு வருமுன் ஒன்று. மூட்டு எவ்வளவு வளைகிறது என்று பார்க்கப் பெய்ட்டன் என்பவர் பெயரில் 9 மதிப்பெண் சோதனை ஒன்று உண்டு, 1973இல் வந்தது. சுண்டுவிரல், கட்டைவிரல், முழங்கை, முட்டி ஆகியவற்றுக்கு இரு பக்கமும் ஒவ்வொன்று; குனிந்து உள்ளங்கையைத் தரையில் பதித்தால் இன்னொன்று. தாடைக்கும் தோளுக்கும் அதில் இடமே இல்லை. ஆகவே மதிப்பெண்ணை மட்டும் நம்பாதே. வலியில்லாமல் நன்றாக வளையும் பிள்ளைகள் ஏராளம், அது நோயாகாது. இவளுக்குப் பிசகும் களைப்பும் இருப்பதால் மூட்டு மருத்துவரிடமும் பிசியோதெரபிக்கும் அனுப்பியே ஆக வேண்டும். இனிப் பாட்டு. 'ஆ' என்று நீட்டிப் பாடும் அகார சாதகத்தில் வாயை அகலத் திறக்கச் சொல்லாதே, 'டக்' என்னும் இடத்துக்கு முன்பே நிற்கட்டும். முதுகுக்குச் சாய்மானம் கொடு. என் அக்கா இப்போது நாற்காலியில் உட்கார்ந்துதான் பாடுகிறாள், குரல் கடைசி வரிசைவரை போகிறது. அந்த நாற்காலியை 16 வயதில் யாரும் போடவில்லை.

நடனத்தை விடச் சொல்லலாமா என்று என்னைக் கேட்கிறாய். அவளைக் கேட்டாயா? கடிதம் முழுக்க அவள் மூட்டு இருக்கிறது, அவள் சொன்ன ஒரு வார்த்தை இல்லை. கேட்டுவிட்டு எழுது.