பிரார்த்தனை செயலியை நீக்கினால் நம் தகவலும் போய்விடுமா? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, தினமும் பயன்படுத்திய பிரார்த்தனை செயலியை அன்இன்ஸ்டால் செய்துவிட்டேன். அத்தோடு எல்லாம் அழிந்ததா?

பதில்: இல்லை தம்பி, போனில் இருந்தது மட்டும்தான் போனது. உங்கள் பெயர், மின்னஞ்சல், எழுதி வைத்த வேண்டுதல்கள், எத்தனை மணிக்குத் திறந்து எதைப் படித்தீர்கள் என்ற பதிவு எல்லாம் நிறுவனத்தின் சர்வரில் உங்கள் கணக்கில் கிடக்கும். மறுபடி இன்ஸ்டால் செய்து உள்ளே நுழைந்து, செட்டிங்ஸில் கணக்குப் பகுதியில் 'கணக்கை நீக்கு' என்பதைத் தேடுங்கள். லாக் அவுட் செய்வதோ, கணக்கை முடக்கி வைப்பதோ நீக்குவது ஆகாது. அன்இன்ஸ்டால் கடைசி வேலை.

கேள்வி: உள்ளே அப்படி ஒரு பட்டனே இல்லையே?

பதில்: இருந்தாக வேண்டும். கணக்கு தொடங்க விடும் செயலி, அதை நீக்கும் வழியையும் செயலிக்குள்ளேயே தர வேண்டும் என்பது ஆப்பிள் 2022 ஜூன் 30 முதல் வைத்திருக்கும் விதி. கூகுள் பிளேயிலும் இதே மாதிரி விதி உண்டு, கூடவே இணையம் வழியாக நீக்கக் கேட்கும் லிங்க்கும் தர வேண்டும். பிளே ஸ்டோரில் அந்தச் செயலியின் பக்கத்தில் தரவுப் பாதுகாப்புப் பகுதியைத் திறந்து பாருங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் தனியுரிமைக் கொள்கையின் அடியில் இருக்கும் முகவரிக்கு, பதிவு செய்த அதே மின்னஞ்சலிலிருந்து எழுதுங்கள். 'என் கணக்கையும் அதைச் சார்ந்த எல்லாத் தகவலையும் அழியுங்கள், யாருக்கெல்லாம் கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள், முடிந்ததும் உறுதி செய்யுங்கள்' என்று மூன்றே வரி போதும், கோபமெல்லாம் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பவர்கள், ஜிடிபிஆர் என்ற அங்குள்ள தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் தகவலை அழிக்கக் கேட்கும் உரிமை தரும் 17-வது பிரிவைக் குறிப்பிடலாம், ஒரு மாதத்துக்குள் பதில் வர வேண்டும் (சிக்கலான கோரிக்கை என்றால் இன்னும் இரண்டு மாதம் நீட்டிக்கொள்வார்கள்). மத நம்பிக்கை அந்தச் சட்டத்தின் 9-வது பிரிவில் சிறப்புப் பாதுகாப்புள்ள தகவல் என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: நான் சாமி கும்பிடுவதைத் தெரிந்துகொண்டு யாருக்கு என்ன லாபம் சார்? இவ்வளவு பயம் தேவையா?

பதில்: பயம் வேண்டாம், ஆனால் விவரம் வேண்டும். 2020 நவம்பரில் முஸ்லிம் ப்ரோ செயலியின் பயனர்களுடைய இருப்பிடத் தகவல் எக்ஸ்-மோட் என்ற, தகவலை வாங்கி விற்கும் தரகு நிறுவனத்துக்குப் போனதும், அந்தத் தரகரிடம் அமெரிக்க ராணுவ ஒப்பந்ததாரர்கள் வாடிக்கையாளர்களாக இருந்ததும் செய்தியாக வெளிவந்தது. செயலிக்காரர்கள் உறவைத் துண்டித்துவிட்டதாகச் சொன்னார்கள். அதே தரகர் மீது 2024-ல் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி நடவடிக்கை எடுத்து, வழிபாட்டுத் தலம் போன்ற இடங்களைக் காட்டிக்கொடுக்கும் இருப்பிடத் தகவலை விற்கத் தடை போட்டது.

இருப்பிடமாவது வெறும் புள்ளி. வேண்டுதலில் நாம் என்ன எழுதுகிறோம் என்று யோசியுங்கள்: கடன், கருத்தரிப்பு, மகனின் குடிப்பழக்கம், அக்காவின் விவாகரத்து. மருத்துவரிடம்கூடச் சொல்லாததை அங்கே எழுதுகிறோம், அதில் அடுத்தவர் பெயரும் இருக்கிறது, அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

கேள்வி: வருடச் சந்தா கட்டியிருக்கிறேன். கணக்கை நீக்கினால் அதுவும் நிற்குமா?

பதில்: நிற்காது. பிளே ஸ்டோர் அல்லது ஐபோன் செட்டிங்ஸில் சந்தாப் பகுதிக்குப் போய் முதலில் ரத்து செய்யுங்கள், இல்லாவிட்டால் செயலியே இல்லாமல் பணம் மட்டும் போய்க்கொண்டிருக்கும்.

கேள்வி: கூகுள் கணக்கு வழியாகத்தான் உள்ளே நுழைந்தேன். கூகுளில் அந்த இணைப்பை எடுத்துவிட்டால் போதுமா அக்கா என்று தங்கை கேட்கிறாள், எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில்: போதாது. அது கதவை மட்டும் மூடுகிறது, உள்ளே ஏற்கெனவே போனது அங்கேயே இருக்கும். முதலில் செயலியில் கணக்கை நீக்கச் சொல்லுங்கள், உறுதி செய்து மின்னஞ்சல் வந்த பிறகு இணைப்பை எடுக்கட்டும். ஆப்பிளில் மின்னஞ்சலை மறைத்துப் பதிவு செய்தவர்களும் அதுவரை அந்த மாற்று முகவரியை நிறுத்தாமல் வைத்திருங்கள், உறுதிக் கடிதம் அதற்குத்தான் வரும்.

கேள்வி: குழுவில் எல்லோரும் பார்க்கும்படி வேண்டுதல் போட்டிருந்தேன், அது?

பதில்: கணக்கு போனாலும் பதிவு 'முன்னாள் பயனர்' என்ற பெயரில் தங்கிவிடும் செயலிகள் உண்டு. எனவே கணக்கு கையில் இருக்கும்போதே ஒவ்வொன்றாக அழியுங்கள். யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தால் அதற்கு வழியில்லை. பிரார்த்தனை நாட்குறிப்பு வேண்டுமென்றால் நகல் எடுப்பதும் இப்போதே.

கேள்வி: புதுப் போனில் மறுபடி போட்டதும் பழைய குறிப்பெல்லாம் வந்து நிற்கிறது! நீக்கியதாகத்தானே சொன்னார்கள்?

பதில்: அவசரப்பட்டுத் திட்டாதீர்கள், ஆண்ட்ராய்டு பேக்கப்பாக இருக்கலாம். செயலி அனுமதித்திருந்தால் 25 எம்பி வரை அதன் தகவல் உங்கள் கூகுள் கணக்கில் தானாகச் சேமிக்கப்பட்டு, மறுபடி நிறுவும்போது திரும்பி வரும். ஆனால் லாகின் செய்த பிறகுதான் வந்தது என்றால் கணக்கு உயிரோடு இருக்கிறது, நிறுவனத்துக்கு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: அப்போ இனி எந்தச் செயலியும் வேண்டாமா? அம்மாவுக்குத் தொழுகை நேரம் பார்க்கவாவது வேண்டும்.

பதில்: தாராளமாக வைத்துக் கொடுங்கள், கணக்கு கேட்காததாகப் பாருங்கள். நேரம் கணக்கிட ஊர் பெயர் தெரிந்தால் போதும், இருப்பிட அனுமதியை மறுத்துவிட்டு ஊரைக் கையால் தேர்ந்தெடுங்கள். தொடர்புப் பட்டியல், மைக் இரண்டும் கேட்டால் மறுத்துவிடுங்கள், நேரம் காட்ட அவை எதற்கு?