எண்ணெய்ப்பனையும் ஒராங்குட்டானின் குச்சியும்: கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தாவர எரிபொருள் குறித்தும் விலங்குகளின் படைப்புத்திறன் குறித்தும் தாங்கள் எழுதிய இரு கட்டுரைகளையும் அடுத்தடுத்து வாசித்தேன். வெட்டினாலும் மீண்டும் வளரும் பயிரிலிருந்து எடுக்கும் எரிபொருளைப் பற்றி ஏன் இத்தனை தயக்கம்? குரங்கு குச்சியை எடுப்பதைப் படைப்பு என்பதும் மிகை அல்லவா? அது வெறும் இயல்பூக்கம்தானே?

ஆர்.

அன்புள்ள ஆர்,

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். முதல் கேள்விக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

இந்தோனேசியாவின் சுமத்ராத் தீவிலுள்ள சதுப்புக்காடுகளில் நீசியா என்றொரு மரம் உண்டு. அதன் காய் முற்றி வெடிக்கையில் உள்ளே கொழுப்பு மிகுந்த விதைகள் தெரியும். ஆனால் அவற்றைச் சுற்றிலும் தொட்டால் குத்தி எரியும் சுணை அடர்ந்திருக்கும். சுவாக் பாலிம்பிங் என்னும் இடத்தில் வாழும் ஒராங்குட்டான் என்னும் மனிதக் குரங்குகள் ஒரு சிறு குச்சியை ஒடித்து, பட்டையை உரித்து, வாயில் கவ்வியபடி வெடிப்புக்குள் நுழைத்துச் சுணையைச் சுரண்டித் தள்ளிவிட்டு, பிறகு விதையை நெம்பி எடுக்கின்றன. அலாஸ் ஆற்றின் மறுகரையில் அதே மரமும் அதே காயும் அதே இனமும் இருந்தும் இந்த வழக்கம் இல்லை என்பதைக் கரேல் வான் ஷேய்க் முதலான ஆய்வாளர்கள் கண்டனர். வெறும் இயல்பூக்கம் என்றால் இரு கரையிலும் அல்லவா தென்பட்டிருக்க வேண்டும்? என்றோ ஒரு விலங்குக்குத் தோன்றிய உத்தி, தாயுடன் 7, 8 ஆண்டுகள் ஒட்டித் திரியும் குட்டிகளின் வழியே தலைமுறைகளைக் கடந்து வந்திருக்கிறது என்றே நான் கொள்கிறேன். (அதே காட்டில் 2022இல் ராக்குஸ் என்ற ஆண் ஒராங்குட்டான் ஒரு கொடியின் இலையை மென்று தன் முகத்துக் காயத்தில் பூசியது பெரிதாகப் பேசப்பட்டது. ஒற்றை நிகழ்வு என்பதால் அதை நான் சான்றாக வைக்கவில்லை.)

இனி எரிபொருள். மட்காத தாவரக் கழிவு அடுக்கடுக்காய்ப் படிந்த இத்தகைய கரிச்சதுப்புக் காடுகளைத்தான் பாமாயில் தரும் எண்ணெய்ப்பனைக்காக வெட்டுகிறார்கள். சுமத்ராவின் ஆச்சே மாநிலத்திலுள்ள திரிப்பா சதுப்பில் பெரும்பகுதி அப்படித்தான் போயிற்று. நீரை வடித்ததும், ஈரத்துக்குள் மட்காமல் கிடந்த கரிமம் காற்றுப்பட்டுப் பல பத்தாண்டுகளுக்குக் கரியமில வாயுவாக வெளியேறிக்கொண்டே இருக்கும். அவ்வாறு திருத்திய நிலத்தில் விளையும் பாமாயில் டீசல் அந்தக் கரிமக் கடனை (நிலத்தைத் திருத்தியதால் வெளியேறும் கரியமில வாயுவை), பெட்ரோலிய டீசலைத் தவிர்ப்பதன் மூலம் அடைக்க 400 ஆண்டுகளுக்கும் மேலாகும் என்று 2008இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வு கணக்கிட்டது. பயிர் மீண்டும் வளரும், உண்மைதான். ஆனால் குச்சி சீவத் தெரிந்த தாய்கள் அழிந்தபின் அந்த உத்தியை எந்த நாற்றங்காலிலும் வளர்த்தெடுக்க முடியாது.

எண்ணெய்ப்பனையின் மீது எனக்குப் பகையில்லை. ஒரு ஹெக்டேரில் அதற்கு இணையாக எண்ணெய் தரும் பயிர் வேறில்லை. பொரித்து மிஞ்சிய எண்ணெயிலிருந்தும், வயலில் எரிக்கப்படும் வைக்கோலிலிருந்தும் எடுக்கும் எரிபொருளை மனமார வரவேற்கிறேன். ஆனால் அவை கிடைக்கும் அளவு சிறிது. இந்தோனேசியா 2025இல் டீசலில் 40 விழுக்காடு பாமாயில் எரிபொருள் கலப்பதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்த அளவை எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் மட்டுமே ஈடுகட்ட முடியும்.